வாழ்த்துச் செய்திக்கு விட்ட பக்கம்

1

சென்ற கிழமை எங்கள் வகுப்பைப் பார்க்க நகரசபையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடம் நோர்வேயின் மேற்குக் கரையில், மழை ஓயாத ஒரு சிறு நகரத்தில் இருக்கிறது. என் வேலையின் பெயர் உதவியாளர். ஆசிரியர் கலாசாலையில் பயின்றவள், மட்டக்களப்பில் பதினொரு வருடம் படிப்பித்தவள் என்பதற்கான சான்றிதழ்களையெல்லாம் வந்த புதிதிலேயே மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பினேன். மாதக்கணக்கில் காக்க வைத்துவிட்டு, அவை ஓரளவு பொருத்தமானவை என்று ஒற்றைத் தாளில் பதில் அனுப்பினார்கள். அந்த ஓரளவில்தான் இன்றைக்கும் நிற்கிறேன்.

என் பொறுப்பில் இருப்பவன் யூனாஸ், எட்டு வயது. கதிரையில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கமாட்டான். நினைத்தால் கத்துவான், நினைத்தால் மேசைக்குக் கீழே போய்ப் படுப்பான். அவனுக்கென்று தனியாக ஒரு கற்றல் திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதில் நான்கு பக்கம் நிரப்ப வேண்டியது என் தலையெழுத்து. மற்றப் பிள்ளைகளைப்போல அவனும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். ‘டீச்சர்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது இத்தனை வருடமாகியும் ஒட்டவில்லை.

விருந்தினர் நடைபாதையில் வருவதைக் கண்ணாடிக் கதவூடாகக் கண்டேன். உடனே எழுந்து, யூனாஸுக்கு மழைச்சட்டையை மாட்டி, பின்கதவால் அவனை முற்றத்துக்குக் கூட்டிப் போய்விட்டேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானும் யோசித்துச் செய்யவில்லை. தூறலில் நின்று அரை மணித்தியாலம் ஊஞ்சல் ஆட்டினேன். வகுப்பாசிரியை இங்கர் நனைந்தபடி ஓடி வந்தாள்.

“எங்கே போனீர்கள்? அவர்கள் பார்க்க வந்ததே யூனாஸைத்தானே!”

எனக்கு நோர்வேஜிய மொழி தெரியும். பஸ்காரனோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தெரியும். ஆனால் வெட்கப்படும்போது அந்த மொழி என்னைக் கைவிட்டுவிடும். “ஆட்கள் வருகிறார்கள்... இவன் சத்தம் போடுவான்...” என்று இழுத்தேன்.

“போட்டால் என்ன?” என்று கேட்டாள் இங்கர். அவள் ஏசவில்லை. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், கைப்பேசியில் ஊர்ப் பள்ளிக்கூடத்து அதிபரின் குரல்.

“டீச்சர், நீங்க துவங்கின நம்மட வகுப்பறை திறந்து ஒரு வருசம் ஆகப்போகுது. சின்னதா ஒரு விழா வைக்கிறம், மலரும் போடுறம். உங்கட வாழ்த்துச் செய்திக்கு ஒரு பக்கம் விட்டிரிக்கி. சாரி கட்டின படமொண்டும் சேத்து அனுப்புங்க.”

விழா மலரின் அட்டைப்படமும் கூடவே வந்திருந்தது. வட்ட மேசையில் முழங்கையை ஊன்றி, முன்பல் ஒன்று இல்லாத வாயைத் திறந்து சிரிக்கும் ஒரு சிறுமி. அவள் பெயர் மதுஷா. அந்தப் படத்தை எடுத்தவள் நான்தான்.

2

ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். கல்லடியிலிருந்து தெற்கே, ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாக நீளும் வீதியில் உள்ள ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரைச் சொன்னாலும் பக்கத்து ஊர் சிரிக்கும், தங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படியெல்லாம் நடக்காதது போல.

அங்கே நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். கெட்டிக்கார டீச்சர் என்று பெயர். புலமைப்பரிசில் பரீட்சையில் என் பிள்ளைகள் சித்தியடைவார்கள். சித்தியடையமாட்டாத பிள்ளைகள் பின்வரிசை வாங்கில் இருந்து கரும்பலகை துடைப்பார்கள், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள். இதில் ஒரு குறையும் எனக்கு அப்போது தெரியவில்லை.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்றால் பள்ளிக்கூடம் கலியாண வீடாகிவிடும். சுவருக்கு வெள்ளையடிப்போம், பிள்ளைகள் வரைந்ததாகச் சொல்லி நாங்கள் வரைந்த படங்களை ஒட்டுவோம். மலசலகூடம் அழுக்காகக்கூடாது என்று அதைப் பூட்டிவைப்போம். கடைசி வேலை, வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வீட்டில் நிற்கச் சொல்வது. வருகிற அதிகாரி எந்தப் பிள்ளையையும் எழுப்பி வாசிக்கச் சொல்லலாம். வாசிக்காவிட்டால் குறிப்பேட்டில் ஏறுவது டீச்சரின் பெயர். இந்த ஏற்பாட்டை யாரும் எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதியதில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

அதைச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. பக்கத்து வகுப்புக்கு அப்போதுதான் நியமனம் பெற்று வந்திருந்த இளைஞர் ஒருவர், பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தவித்தார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

“வராத எண்டு சொன்னா தாய் வந்து நிண்டு கேக்கும், தம்பி. ‘சொல்லி அனுப்புறன், அப்ப வா’ எண்டு சொல்லுங்க. புள்ளையும் சந்தோசமாப் போகும்.”

என் பின்வாங்கில் தவமலர் என்று ஒரு பிள்ளை இருந்தாள். பத்து வயது. எழுத்துகள் அவளுக்குக் கண்முன்னே இடம் மாறும்போலிருக்கிறது, ஒரு சொல்லைத் தொடங்கினால் முடிக்கமாட்டாள். அந்த வருடம் மேற்பார்வைக் குழு திங்கள் வரும், புதன் வரும் என்று தள்ளிக்கொண்டே போனது. நாள் சொல்ல முடியாததால் நான் அவளைக் கூப்பிட்டு, தலையைத் தடவிச் சொன்னேன்.

“நீ வீட்ட நில்லு மனே. அவங்க வந்து போனாப்போல டீச்சர் சொல்லி அனுப்புறன்.”

“ஓம் டீச்சர்” என்று புத்தகங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

குழு வந்தது. பாராட்டியது. ரோல்ஸும் தேநீரும் எடுத்துவிட்டுப் போனது. அதற்கடுத்த கிழமை, முன்னமே நோர்வேக்குப் போயிருந்த என் கணவரிடமிருந்து விசா கிடைத்த செய்தி வந்தது. கொழும்புக்கு ஓட்டம், மருத்துவச் சோதனை, சாமான் கட்டுதல், நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு விமானம். தவமலருக்குச் சொல்லி அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், ஆனால் மறப்பதற்கு ஒருமுறையாவது நினைத்திருக்க வேண்டுமே.

3

என் மகன் அரவிந்தன் இங்கே இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, மொழி போதாது என்று அவனைத் தினமும் ஒரு மணித்தியாலம் வேறு அறையில் தனியாக இருத்தினார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் அழுதேன், கத்தினேன். என் பிள்ளையை எப்படி நீங்கள் மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கலாம் என்று அரைகுறை மொழியில் நியாயம் கேட்டேன். மூன்று கூட்டம், ஏழெட்டுப் படிவம். கடைசியில் அவனை வகுப்புக்குள்ளேயே வைத்துப் படிப்பித்தார்கள். பிறகுதான் இந்த உதவியாளர் வேலைக்கே நான் விண்ணப்பித்தேன். அவ்வளவு ஆத்திரத்திலும் தவமலர் என் நினைவுக்கு வரவில்லை.

அரவிந்தன் இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வேஜிய மொழியில் பேசுவான், நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் பாதி விளங்கும்.

சென்ற வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று மாதம் ஊருக்குப் போனேன். இங்கே பார்த்துப் பழகியதைப் பழைய பள்ளிக்கூடத்தில் செய்துகாட்ட வேண்டும் என்று ஆசை. ஒரே வகுப்பில், ஒரே மேசையில், வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும். பாடம் ஒன்று, அதைக் காட்டும் வழி பல. ஒருவர் எழுதுவார், ஒருவர் வரைவார், ஒருவர் சொல்லுவார், ஒருவர் செய்துகாட்டுவார். நான் முறை சொல்லிக்கொடுத்த அந்த இளைஞர்தான் இப்போது அதிபர். தலை நரைத்திருந்தது. “டீச்சர் சொன்னா மறுப்பனா?” என்று பழைய களஞ்சிய அறையை ஒழித்துத் தந்தார்.

ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தேன். வரிசையாக இருந்து கேட்டார்கள். முடிவில் ஒரு டீச்சர் எழும்பினார்.

“டீச்சர், உங்கட வகுப்பில எத்தின புள்ளைகள்?”

“பதினெட்டு.”

“உங்களோட இன்னும் ஆரு?”

“வகுப்பாசிரியை, நான், சில நாளைக்கு இன்னொருத்தர்.”

“இஞ்ச நாப்பத்திரெண்டு புள்ளைக்கு நான் ஒருத்தி. சிலபஸ் முடியல்ல எண்டா என்னைத்தான் கேப்பாங்க. புள்ளை வரைஞ்சு காட்டிச்சு எண்டு பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதுறதா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயம். நானே அந்தக் கதிரையில் இருந்திருந்தால் இதைவிடக் காரமாகக் கேட்டிருப்பேன்.

சுகந்தி என்ற இளம் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கல்லடியிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள். “நான் ஒருக்காச் செய்து பாக்கன் டீச்சர்” என்றாள். இரண்டு பேருமாக வட்ட மேசைகளைச் செய்வித்தோம். மட்டிச் சிப்பி, புளியங்கொட்டை, மீன் நிறுக்கும் தராசு எல்லாம் கொண்டுவந்து கணக்குப் பாடம் தொடங்கினோம். பள்ளிக்கு வராமல் வீட்டில் நிற்கும் பிள்ளைகளையும் தேடிப் போனோம். அப்படித்தான் வாவிக்கரையோரம் ஒரு தகரக் கூரை வீட்டுக்குப் போனோம்.

எட்டு வயதுச் சிறுமி வாசலில் நின்று தனக்குள்ளே முனகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சு பிந்தி வந்ததாம், ஓரிடத்தில் இருக்கமாட்டாளாம். தாய் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். அந்த நீட்டலில்தான் ஆளை அடையாளம் கண்டேன்.

“தவமலரா?”

“ஓம் டீச்சர்.” பழையதைப்பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். “இவ சத்தம் போடுவா. பள்ளியில ஏசமாட்டாங்களா டீச்சர்?”

“நான் இரிக்கன், அனுப்பு மனே” என்றேன். அடுத்த நாளே அனுப்பினாள். ஒரு மாதத்தில் மதுஷா தன் பெயரின் முதல் எழுத்தை மேசையில் பரப்பிய மணலில் எழுதினாள். எழுதிவிட்டுத் தானே கைதட்டிச் சிரித்தாள். அந்த நேரத்தில் எடுத்த படம்தான் மலரின் அட்டையில் இருப்பது.

4

நான் திரும்பிவரும் கிழமை, அறையை முறைப்படி திறந்துவைக்க வேண்டும் என்றார் அதிபர். மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், அறைக்கு அங்கீகாரம் கிடைக்கும் என்றார். அங்கீகாரம் என்ற சொல்லுக்கு நானும் மயங்கினேன்.

வாழை கட்டியிருந்தார்கள். பாண்ட் வாத்தியம், பொன்னாடை, குத்துவிளக்கு. நாடாவை வெட்டிக் கதவைத் திறந்தால், வட்ட மேசைகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டு, வாங்குகள் வரிசையாக இருந்தன. அவற்றில் தோய்த்து மடிப்புக் குலையாத வெள்ளை உடுப்பில் பிள்ளைகள். எல்லோரும் எழுந்து “வணக்கம்” என்றார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது.

அதிபரை ஓரமாகக் கூப்பிட்டேன். “இவங்க ஆரு?”

“புலமைப்பரிசில் வகுப்புப் புள்ளைகள், டீச்சர்.”

“எங்கட புள்ளைகள் எங்க? மதுஷா எங்க?”

“பெரிய ஆக்கள் வந்திரிக்கிற நேரம் அந்தப் புள்ளை கத்தினா என்ன செய்யிற? சொல்லி அனுப்புறம், அப்ப வாங்க எண்டு சொல்லச் சொன்னன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தடுமாறி, “இது நீங்க பழக்கினதுதானே டீச்சர்” என்றார்.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நன்றியோடுதான் சொன்னார். நான் மூன்று மாதம் தொண்டை வறளக் கற்பித்த எதுவும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒட்டவில்லை. அரை நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தது மட்டும் இருபது வருடத்துக்கு மேலாக அழியாமல் நின்றது.

நான் அங்கே கத்தியிருக்க வேண்டும். நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். நான் செய்தது என்னவென்றால், மேடைக்குப் போய், எனக்குப் போர்த்திய பொன்னாடையோடு, எல்லாப் பிள்ளைகளையும் உள்வாங்கும் கல்வி என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள். சுகந்தி மட்டும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

5

கூட்டம் முடிந்ததும் ஆட்டோ பிடித்துத் தவமலர் வீட்டுக்குப் போனேன். மத்தியான வெயில். மதுஷா வெள்ளை உடுப்போடு, இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டி, சப்பாத்தோடு வாசல் மணலில் இருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து சேலையைப் பிடித்து, வீதிப் பக்கமாக இழுத்தாள். பள்ளிக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

“காலமை ஆறு மணிக்கே வெளிக்கிடுத்திட்டன் டீச்சர்” என்றாள் தவமலர். “சுகந்தி டீச்சர் போன் எடுத்தவ. சொல்லக்குள்ள அவக்கு அழுகை. அவவில பிழையில்ல. உடுப்பைக் கழட்ட உடுறாளில்ல இவ.”

“நாளைக்கு நானே வந்து கூட்டிப் போறன்” என்றேன்.

தவமலர் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு.

“எனக்கும் அப்பிடித்தானே டீச்சர். நீங்க சொல்லி அனுப்புவீங்க எண்டு நானும் பாத்துக்கிட்டு இரிந்தன். ஒவ்வொரு நாளும் உடுத்துட்டுப் படலையடியில நிப்பன். அம்மா கேப்பா, ஏன்டி போறல்ல எண்டு. டீச்சர் சொல்லி அனுப்பல்ல எண்டு சொல்லுவன். மறுகா நீங்க வெளிநாட்டுக்குப் போயிட்டீங்க எண்டாங்க. பள்ளிக்குக் கிறுகிப் போக வெக்கமாயிரிந்திச்சு. அப்பாவோட வாவிக்கு இறால் கூடை தூக்கப் போயிட்டன்.”

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன்.

அடுத்த நாள் மதுஷாவைக் கூட்டிப் போய் வட்ட மேசையில் இருத்தினேன். அதிபரிடம் இனி எந்தப் பிள்ளைக்கும் அப்படிச் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கினேன். கையடித்துத் தந்தார். இரண்டு நாளில் விமானம் ஏறினேன்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அரவிந்தனிடம் சொன்னேன். அன்றைக்கு அவன் தமிழிலேயே கேட்டான். “நீ அவட்ட மன்னிப்புக் கேட்டியா, அம்மா?”

“ஊரில அப்பிடியெல்லாம் டீச்சர்மார் கேக்கிறல்ல, மகன்.”

“அப்ப நீ என்னத்தைப் போய்ப் படிப்பிச்சாய்?” என்று கேட்டான். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி கொழுவிக்கொண்டே இருந்தது.

6

யூனாஸை முற்றத்துக்குக் கூட்டிப் போனதும், வாழ்த்துச் செய்தி கேட்டு அதிபரின் குரல் வந்ததும் ஒரே நாள் என்று சொன்னேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. காலையில் தவமலரை அழைத்தேன். பிள்ளையின் படம் அட்டையில் வருகிறது என்று சொல்லி, அந்தச் சாட்டில் கேட்க வேண்டிய மன்னிப்பையும் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

“அவ இப்ப பள்ளிக்குப் போறல்ல டீச்சர்” என்றாள் தவமலர். “வருசம் புறக்கக்குள்ளயே சுகந்தி டீச்சருக்கு இடமாற்றம் வந்திட்டு. அந்த அறையில இப்ப புலமைப்பரிசில் வகுப்புத்தான் நடக்குது. இவளுக்கு இடமில்ல எண்டாங்க.”

கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே அழைப்பைத் துண்டித்தேன். உடனே அதிபரை அழைத்தேன்.

“சுகந்தி போனாப் பிறகு வலயத்தில கேட்டுக் கேட்டுப் பாத்தன், டீச்சர். வேற ஆளைத் தரல்ல” என்றார். குரலில் உண்மையான களைப்பு இருந்தது. “புலமைப்பரிசில் முடிவு குறைஞ்சா பெற்றோர் என்னைப் பள்ளிக்குள்ள இரிக்க உடுவாங்களா? நீங்க அங்க இரிந்து லேசாச் சொல்லுவீங்க.”

“நீங்க சொல்லுறது சரி. ஆனா அட்டையில அவட படம் இரிக்கி, தம்பி. பள்ளியில இல்லாத புள்ளையிட படத்தைப் போட்டு என்ன விழா? திங்கக்கிழமை அனுப்பச் சொல்லுறன். எந்த வகுப்பில எண்டாலும் இருத்துங்க.”

“ஓம் டீச்சர், ஓம். அனுப்பச் சொல்லுங்க.”

அதன்பிறகு தவமலருக்குக் குரலைப் பதிந்து அனுப்பினேன். மூன்று தரம் அழித்து நாலாம் தரம் சரியாக வந்தது. “தவமலர், டீச்சர் பேசிறன். உனக்குச் சொல்லி அனுப்பாம உட்டது என்ர பிழை. இப்ப சொல்லி அனுப்புறன். திங்கக்கிழமை மதுஷாவை வெளிக்கிடுத்திக் கூட்டிக்கிட்டுப் போ. ஆரும் மறிச்சா, டீச்சர் சொல்லி அனுப்பினவ எண்டு சொல்லு.” இருபத்திரண்டு வருடம் பிந்திப் போன செய்தி. கேட்டுவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

திங்கட்கிழமை இங்கே விடிய முன்னமே எழும்பிவிட்டேன். ஊரில் பள்ளி தொடங்கும் நேரம். சற்று நேரத்தில் கைப்பேசியில் தவமலரின் குரல் வந்தது. பின்னணியில் வீதி வாகனங்கள் இரைந்தன.

“கூட்டிக்கிட்டுப் போனன் டீச்சர். கேற்றடியில அதிபர் சேர் நிண்டவர். நல்லாத்தான் கதைச்சவர், மதுஷாட தலையையும் தடவினவர். வெள்ளிக்கிழமை விழாவுக்குப் பெரிய ஆக்கள் வருவாங்களாம், இப்ப பள்ளியெல்லாம் ஒழுங்குபடுத்துறாங்களாம். விழா முடியட்டும், சொல்லி அனுப்புறம், அப்ப கூட்டிக்கிட்டு வாங்க எண்டவர். நாங்க வீட்ட கிறுகி வாறம்.”

அதற்குப் பின்னால் மதுஷாவின் குரல் கேட்டது. சொற்கள் ஒவ்வொன்றாக, மெதுவாக வந்தன. “எப்ப... சொல்லி... அனுப்புவாங்க?” தாய் பதில் சொல்லுமுன் பதிவு முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். யூனாஸ் மேசைக்குக் கீழே படுத்திருந்தான். நானும் குனிந்து அவனோடு உள்ளே போய் இருந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இன்று காலை அதிபரிடமிருந்து நினைவூட்டல் வந்தது. மலர் அச்சுக்குப் போகப்போகிறதாம். என் பக்கம் மட்டும்தான் வெறுமையாக இருக்கிறதாம். இரண்டு வரியென்றாலும் போதுமாம், சாரி கட்டின படத்தை மறக்க வேண்டாமாம். சொல்லி அனுப்புகிறேன் என்று பதில் எழுதினேன்.